சுவருக்கு அந்தப் பக்கம் பார்ட்டி: 2020-இல் உங்கள் தெருவில் என்ன நடந்தது?

மிட்லேண்ட்ஸிலிருந்து, இழையைத் தொடங்குபவர்

இங்கிலாந்தின் பல்கலைக்கழக ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்கள் எழுத வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். கோவிட் காலத்து மாணவர் பார்ட்டிகளைப் பற்றிச் செய்திகளில் வந்ததெல்லாம் அபராதத் தொகையும் போலீஸ் வண்டியின் படமும்தான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானே முதலில் சொல்கிறேன்.

எங்களுடையது டெரஸ் வீடு. ஒரு பக்கத்துச் சுவர் மாணவர் வீட்டுக்கும் எங்களுக்கும் பொது. அங்கே ஏழு பேர் வாடகைக்கு இருந்தார்கள். எங்கள் வீட்டில் மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முதல் லாக்டவுனிலேயே அவருக்கு ஷீல்டிங் கடிதம் வந்துவிட்டது, அதாவது ஆபத்து அதிகம் உள்ள நோயாளி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற அரசின் கடிதம். ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஷீல்டிங்கை அரசு நிறுத்தி வைத்தது. ஆனால் அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை, அதனால் நாங்களும் எதையும் தளர்த்தவில்லை. பள்ளி விட்டு வரும் மகன் பாட்டியின் அறைக்குள் போக மாட்டான். கதவருகே நின்று அன்றைய கதையைச் சொல்லிவிட்டுப் போவான்.

செப்டம்பர் 14 முதல் ஆறு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி வந்தது. ஒரே வீட்டில் ஏழெட்டு மாணவர்கள் சேர்ந்து இருந்தால் அவர்கள் ஒரு குடும்பமாகக் கணக்கு. ஆகவே அந்த ஏழு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது தப்பே இல்லை. தெருவில் சிலருக்கு இது புரியாமல், ஏழு தலை தெரிந்தாலே போலீஸுக்குப் போன் செய்தார்கள். அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம். ஆனால் ஏழு பேர் ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு எட்டாவதாக ஒரு விருந்தாளி கூட வரக் கூடாது என்பதும் அதே விதிதான். அதை அவர்கள் மதிக்கவில்லை.

நான் முதலில் புகார் எதுவும் கொடுக்கவில்லை. நேரில் போய், இரண்டு மீட்டர் தள்ளி நின்று, வீட்டில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன நோய் என்று சொன்னேன். கதவைத் திறந்த பெண் கண் கலங்கிவிட்டாள். மற்றவர்களிடம் சொல்கிறேன் என்றாள். சொல்லியும் இருப்பாள், ஏனென்றால் சில நாள் அமைதியாக இருந்தது. அப்புறம் 24-ஆம் தேதி பப்களை இரவு பத்து மணிக்கே மூடச் சொன்னார்கள். அதிலிருந்துதான் நிலைமை மோசமானது. பத்தேகாலுக்கு எங்கள் தெருவில் கூட்டம் கூட்டமாக, கையில் பாட்டில் பைகளோடு வருவார்கள். நைட் கிளப்புகள் மார்ச்சிலிருந்தே மூடியிருந்தன. பப்பும் மூடிவிட்டால் கூட்டம் எங்கே போகும்? நேராக வீடுகளுக்குத்தான் வந்தது.

அவசரமில்லாத புகாருக்கான போலீஸ் எண் 101-க்கு அழைத்தால் வரிசையில் காத்திருக்க வேண்டும். கவுன்சிலில் சத்தத்துக்கான பிரிவு, எந்த நேரம், எவ்வளவு சத்தம் என்று குறித்து வைக்கச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியது. ஒரு முறை போலீஸ் வந்தே விட்டது. மணி ஒன்று இருக்கும். உடனே விளக்கெல்லாம் அணைந்தது. பின்பக்க வேலியைத் தாண்டிக் குதித்து எங்கள் தோட்டம் வழியாகச் சந்துக்குள் ஓடினார்கள். மாமியாரின் ஜன்னல் அந்தத் தோட்டத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவர் எழுந்து உட்கார்ந்து யாரோ திருடன் என்று நடுங்கினார்.

சத்தம் எங்களுக்குப் புதிதல்ல, மாணவர் தெருவில் வீடு வாங்கியவர்கள் நாங்கள். மற்ற ஆண்டுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறோம். இந்த முறை கோபம் வேறு. அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் நாங்கள் காய்கறி வாங்கும் சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நிற்பவன். சனிக்கிழமை இரவு அவனைப் பக்கத்து வீட்டு வாசலில் பார்ப்பேன், திங்கட்கிழமை அவன் கையிலிருந்து பில்லை வாங்குவேன், செவ்வாய்க்கிழமை மாமியாரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றுவேன்.

லீட்ஸிலிருந்து, பேருந்து ஓட்டுநர்

தங்கச்சி எழுதியதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊரில் மாணவர்கள் அதிகம் இருக்கும் ஹெடிங்லி, ஹைட் பார்க் பக்கம் ஓடிய இரவு பஸ்கள்தான் ஞாபகம் வந்தன. 2020 ஜூன் 15-இலிருந்து பஸ்ஸில் மாஸ்க் கட்டாயம். ஆனால் போடாதவனை இறக்கிவிடச் சொல்லி எங்களுக்கு உத்தரவு இல்லை. நினைவுபடுத்தலாம், அதற்கு மேல் வாக்குவாதம் வேண்டாம் என்றார்கள். அதுவும் சரிதான், இரவு பதினொரு மணிக்குக் குடித்தவனோடு யார் மல்லுக்கட்டுவது?

அந்த மே மாதம் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் எந்தெந்த வேலைக்காரர்கள் கோவிட்டில் அதிகம் செத்தார்கள் என்று வெளியிட்டது. பஸ் ஓட்டுநர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். லண்டனில் எனக்குத் தெரிந்த ஒருவர், எங்கள் ஊர்க்காரர், ஏப்ரலில் போய்விட்டார். செத்தவீட்டை நாங்கள் ஜூமில் பார்த்தோம். அந்த நினைப்போடு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது பின்னால் இருபது பேர் மாஸ்க் இல்லாமல் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பாடிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதில் பேசுவதற்கு ஓட்டைகளும் இருந்தன, அவற்றை நாங்களே டேப் போட்டு ஒட்டினோம்.

ஒருநாள் ஒரு பொடியன் இறங்கும்போது முன்னுக்கு வந்து, "சாரி, நாங்கள் ஹவுஸ் பார்ட்டிக்குப் போகிறோம், உங்களுக்கும் நல்ல இரவாக இருக்கட்டும்" என்றான். ஒளிக்க வேண்டும் என்று கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவன் கெட்டவன் இல்லை. எனக்குக் குடும்பம் இருக்கும் என்பது அவன் எண்ணத்திலேயே வரவில்லை, அதுதான் என்னைச் சுட்டது. நான் வீட்டுக்குப் போய் கராஜில் உடுப்பு மாற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். என் சின்ன மகளுக்கு ஆஸ்துமா.

அப்போது ஹால்ஸில் (மாணவர் விடுதியில்) இருந்த மாணவி

அக்கா, அண்ணா, நான் அந்த 2020 செப்டம்பரில் முதலாம் ஆண்டு சேர்ந்தவள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல விரும்பவில்லை. பார்ட்டி வைத்தவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது. அதை மாணவியாக இருந்தே சொல்கிறேன்.

வகுப்புகளில் ஒரு பகுதி நேரில் நடக்கும் என்று சொன்னதால்தான் வந்தோம். வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, பெட்டியைப் பிரித்து வைத்த பிறகு ஏறத்தாழ எல்லாமே ஆன்லைனுக்குப் போய்விட்டது. எங்கள் ஃபிளாட்டில் எட்டுப் பேர், எல்லோரும் முன்பின் தெரியாதவர்கள். சமையலறை ஒன்று. ஒருவருக்கு பாசிட்டிவ் என்றால் மற்ற ஏழு பேரும் 14 நாள் உள்ளேயே இருக்க வேண்டும், அதுதான் அன்றைய விதி. டிசம்பரில்தான் அது 10 நாளாகக் குறைந்தது.

ஃபிரெஷர்ஸ் வீக்கில், அதாவது புது மாணவர்களை வரவேற்கும் முதல் வாரத்தில், எங்கள் சமையலறையிலேயே பார்ட்டி நடந்தது. இரண்டு பேர் முடிவு செய்தார்கள், மற்றவர்களை யாரும் கேட்கவில்லை. மேல் மாடியிலிருந்தும் எதிர்க் கட்டடத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான் அறைக்கதவைப் பூட்டி, கதவின் அடியில் துண்டை மடித்து வைத்துவிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மாவுக்குச் சத்தம் கேட்டது. "நீ போகலையே, போகலையே" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த வாரம் பாசிட்டிவ் வந்தது பார்ட்டி வைத்தவனுக்குத்தான். அடைபட்டது எட்டுப் பேரும். வாசலில் வைத்துவிட்டுப் போன பெட்டியில் சைவக்காரியான நான் சாப்பிடுவதற்கு பிஸ்கெட்டும் ஆப்பிளும்தான் இருந்தன. அது முடிந்து வெளியே வந்த கொஞ்ச நாளில் அதே சமையலறையில் மறுபடி பார்ட்டி, மறுபடி அடைப்பு. அவனிடம் போய்ச் சண்டை போட்டேன். "நீ வாழ்க்கையை அனுபவிக்கத் தெரியாதவள்" என்றான்.

யார் புகார் கொடுத்தது என்று தெரிந்துவிட்டால் அந்த எட்டுப் பேர் ஃபிளாட்டில் ஒரு வருடம் முழுவதும் எப்படி இருப்பது? நிறையப் பேர் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே கூட்டமாகத் தெரிந்தோம். தெருவில் முதுகில் பையோடு போனாலே முறைத்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து எதிர்ப்பக்கம் கடந்து போனார். எங்களைப் போல வாயைத் திறக்காமல் உள்ளே கிடந்தவர்கள்தான் அதிகம் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் ஒன்று. மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டனில் செப்டம்பர் 25-ஆம் தேதி 127 பேருக்குத் தொற்று என்று சுமார் 1,700 மாணவர்களை 14 நாள் ஹால்ஸுக்குள் இருக்கச் சொன்னார்கள். நவம்பர் 5-ஆம் தேதி, இரண்டாவது லாக்டவுன் தொடங்கிய அன்றே, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபாலோஃபீல்ட் வளாகத்தில் ஹால்ஸைச் சுற்றி இரும்பு வேலி வந்தது. மாணவர்கள் அன்றிரவே அதைச் சாய்த்தார்கள், பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அந்த வீடியோவைப் பார்த்து நாங்கள் அழுதோம். பார்ட்டி வைத்தவர்களுக்காக யாரும் அழவில்லை. எங்களை ஊர் ஊராகக் கூட்டி வந்து, கட்டணமும் வாடகையும் வாங்கிக்கொண்டு, அப்புறம் வேலி போடுகிறார்களே என்றுதான்.

நாட்டிங்ஹாமிலிருந்து, நர்ஸ்

சுருக்கமாக எழுதுகிறேன், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கிறேன்.

2020 அக்டோபர் முற்பாதியில் இங்கிலாந்திலேயே தொற்று விகிதம் அதிகமாக இருந்தது எங்கள் ஊரில்தான். முதலில் இளைஞர்களிடம்தான் ஏறியது. பிறகு அறுபது வயதைத் தாண்டியவர்களிடமும் ஏறியது, வார்டில் படுக்கைகள் நிறைந்ததும் அப்போதுதான். எல்லாம் பார்ட்டியால் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டுப் பேர் ஒரு சமையலறையைப் பகிரும் வீட்டில் பார்ட்டியே இல்லாமலும் வைரஸ் பரவும். பார்ட்டி செய்வது வேறு. அது ஒரு வீட்டிலிருந்த தொற்றை ஒரே இரவில் பத்து வீட்டுக்கு அனுப்பும்.

எங்கள் ஊரின் லெண்டன் பகுதியில் ஐம்பது பேருக்கு மேல் கூடிய ஒரு வீட்டுப் பார்ட்டிக்காக செப்டம்பரில் 19 வயது மாணவர் ஒருவருக்கு 10,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அக்டோபரில் இன்னொரு வீட்டில் நான்கு மாணவர்களுக்குத் தலைக்கு 10,000. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஓய்வறையில் பலர் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. எனக்கு வந்தது சோர்வுதான். அபராதம் வரும்போது கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பர்மிங்ஹாமிலிருந்து

அந்த 10,000 பவுண்டு பற்றி எனக்கு ஆறவே இல்லை. முப்பது பேருக்கு மேல் கூட்டியவருக்கு அவ்வளவு என்று 2020 ஆகஸ்ட் 28-இல் சட்டம் வந்தது. ஜனவரியில் இன்னொன்று அறிவித்தார்கள், பதினைந்து பேருக்கு மேல் கூடும் வீட்டுப் பார்ட்டிக்குப் போனாலே 800 பவுண்டு. நான் செல்லி ஓக்கில் இருக்கிறேன், மாணவர்களின் கூத்தை நேரில் பார்த்தவன், அபராதம் வேண்டும் என்று சொன்னவன். ஆனால் 2022 ஏப்ரலில், 2020 ஜூனில் அமைச்சரவை அறையில் நடந்த பிறந்தநாள் கூடலுக்காக அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கே அபராதம் வந்தது. 50 பவுண்டு. அரசு அலுவலகங்களில் நடந்த கூடல்களுக்காக மொத்தம் 126 அபராதங்கள். விதியை எழுதியவர்களின் கட்டடத்தில் அது நடந்தது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இருநூறு மடங்கு.

மாணவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் என் அப்பாவின் கடைசிக் காரியத்துக்கு எண்ணி அனுமதித்த ஆட்களில் என் அண்ணனுக்கு இடமில்லை. அவன் காரில் உட்கார்ந்திருந்தான். அதனால் மாணவர் வீடு, மந்திரி வீடு இரண்டின் மேலும் எனக்கு ஒரே அளவு கோபம்.

மிட்லேண்ட்ஸிலிருந்து, இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. ஹால்ஸிலிருந்து எழுதிய தங்கைக்கு: நீ எழுதியதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். உன்னைப் பார்த்து ஒதுங்கிப் போன பெரியவரின் பயம் எனக்குப் புரிகிறது. உனக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதும் இப்போது புரிகிறது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நீயும் சுவருக்குப் பின்னால் நாங்களும் ஒரே ஆட்களிடம்தான் மாட்டியிருந்தோம்.

கடைசியில் எங்கள் தெருவில் எது உதவியது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். போலீஸ் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ பகிர்ந்து வாழும் வாடகை வீட்டுக்கு உரிமையாளர் கவுன்சிலில் உரிமம் எடுத்திருக்க வேண்டும். அந்த உரிமங்களின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் எங்கள் பக்கத்து வீட்டு உரிமையாளரின் பெயரைத் தேடி எடுத்தேன். குறித்து வைத்த தேதி, நேரம் எல்லாவற்றையும் சேர்த்து அவருக்கும், வாடகை ஏஜென்சிக்கும், உரிமப் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். மாமியாரின் நிலைமையையும் எழுதினேன். உரிமையாளர் அந்த வாரமே நேரில் வந்து பிள்ளைகளோடு பேசினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெரிய கூட்டம் கூடவில்லை. அவர் இதை செப்டம்பரிலேயே செய்திருக்கலாம். மாதாமாதம் வாடகை வாங்கத் தெரிந்தவருக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

மாமியாருக்குத் தொற்று வரவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த அன்று மகனைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நாங்கள்தான் தடுத்தோம்.

நியூகாசில் ஜெஸ்மண்ட் பக்கம் இருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கிளாஸ்கோவில் இருப்பவர்களும்தான். ஸ்காட்லாந்தில் அந்த செப்டம்பர் கடைசி வார இறுதியில் மாணவர்கள் யாரும் பப்புக்கே போக வேண்டாம் என்று சொன்னார்களே, அது உங்கள் தெருவில் எதையாவது மாற்றியதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.