ஸ்கட்டில்பட் என்றால் என்ன? அவசரம்

வெண்ணிலா: மொழிபெயர்ப்பில் ஒரு வரியில் சிக்கிக்கொண்டேன். ஸ்கட்டில்பட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வெட்டிப்பேச்சு, வதந்தி என்கிறது அகராதி. அப்படியே போட்டால் உளறலாக இருக்கிறது. வேறு பொருள் உண்டா? இன்றிரவு அனுப்பியாக வேண்டும்.

தெற்குவாசல்: முழு வாக்கியத்தைப் போடுங்கள்.

பழையபேனா: வாக்கியம் எதற்கு? 'வம்பு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

குறிஞ்சி: வம்பு பொருந்தாது. பக்கத்து வீட்டாரைப் பற்றி மெல்லுவது வம்பு. அதற்கு காஸிப் இருக்கிறது. உத்தரவு வருமுன்பே 'மேலாளரை மாற்றப்போகிறார்களாம்' என்று அலுவலகத்தில் ஓடுகிறதே, அதுதான் ஸ்கட்டில்பட். 'காற்றுவாக்கில் வந்த செய்தி' எனலாம்.

புலவர்: சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமே இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இல்லை. ஸ்கட்டில் என்றால் துளையிடுதல். 1919இல் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ கடற்பகுதியில் ஜெர்மானியர் தம் போர்க்கப்பல்களைத் தாமே மூழ்கடித்ததற்கும் இதே வினைச்சொல்தான். பட் என்றால் பீப்பாய். பாய்மரக் கப்பலில் மாலுமிகள் மொண்டு குடிக்கத் துளை போட்டு வைத்த தண்ணீர்ப் பீப்பாய் ஸ்கட்டில்பட். குடிக்க வந்தவர்கள் நின்று கதைத்ததால் கதைக்கும் அந்தப் பெயர். இதையெல்லாம் நான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

தெற்குவாசல்: பாடம் அருமை ஐயா. வாக்கியம்தான் இன்னும் வரவில்லை.

மெல்போர்ன் மாமா: இங்கே ஆஸ்திரேலியாவில் இதற்கு ஃபர்ஃபி என்பார்கள். அதுவும் தண்ணீர்தான்! ஷெப்பர்டனில் ஜான் ஃபர்ஃபி செய்த தண்ணீர் வண்டியின் தொட்டியில் அவர் பெயரே வார்க்கப்பட்டிருக்கும். முதல் உலகப் போரின்போது படை முகாம்களில் அந்த வண்டியைச் சுற்றித்தான் புரளி கிளம்பும்.

புலவர்: ஃபர்ஃபி என்றால் பொய்ச் செய்தி. ஸ்கட்டில்பட் மெய்யாகவும் இருக்கலாம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

மெல்போர்ன் மாமா: யார் குழப்பியது? தண்ணீர்ப் பொருத்தத்தைத்தானே சொன்னேன்.

குறிஞ்சி: தண்ணீர்ச் சண்டை காவிரியோடு போதும்.

வெண்ணிலா: இப்போதுதான் பார்த்தேன். 'அவன் ஸ்கட்டில்பட் மேல் குனிந்து இரண்டு மடக்கு குடித்தான்.' 1943, அமெரிக்கப் போர்க்கப்பல்.

தெற்குவாசல்: குடித்தானா! இதைத்தானே முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்? அமெரிக்கக் கடற்படையில் குடிநீர்க் குழாய்க்கும் ஸ்கட்டில்பட் என்றே பெயர். அழுத்தினால் தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும். குனிந்து வாய்வைத்துக் குடிப்பார்கள். 'குடிநீர்க் குழாய்' என்றே எழுதுங்கள்.

புலவர்: நானும் அதைத்தான் சொன்னேன்.

பழையபேனா: நல்லவேளை, 'வம்பின் மேல் குனிந்து குடித்தான்' என்று போகவில்லை.

வெண்ணிலா: குழாய் போட்டு அனுப்பிவிட்டேன். நன்றி.

மெல்போர்ன் மாமா: புலவர் ஐயா, ஃபர்ஃபி எல்லாமே பொய் என்று யார் சொன்னது?