"காகம் எங்கே சார் வெள்ளை?" கூற்று–முடிவு கேள்விகளில் உங்கள் அனுபவம்

மாலை வகுப்பு ஆசிரியர்:
வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ரீசனிங், அதாவது தர்க்கத் திறன் பாடம், எடுக்கிறேன். கூற்று–முடிவு கேள்வியில் கூற்றை உண்மை என்றே வைத்துக்கொண்டு, முடிவு அதிலிருந்து கட்டாயம் வருமா என்று மட்டும் பார்க்க வேண்டும். போன வாரம் பலகையில் எழுதியது இது. கூற்று: எல்லாக் காகங்களும் வெள்ளை, வெள்ளையானவற்றில் சில பாடும். முடிவு: சில காகங்கள் பாடும்.

விலங்கியல் பட்டதாரி ஒருவர் உடனே எழுந்து, "காகம் எங்கே சார் வெள்ளை?" என்றார். பாவம், கடைசிவரை முதல் வரியை அவரால் தாண்ட முடியவில்லை. பின்வரிசைப் பெண் ஒருவர் பேசாமல் வந்து படம் போட்டார். வெள்ளை என்ற பெரிய வட்டத்துக்குள் காகம் ஒரு சிறு வட்டம். பாடுபவை என்ற வட்டம் வெள்ளையை ஓரத்தில் வெட்டுகிறது, காகத்தைத் தொடவே இல்லை. கூற்றுகளை மீறாமல் இப்படி ஒரு படம் போட முடிந்தாலே முடிவு விழுந்துவிடும். 'பாடக்கூடும்' என்று கேட்டிருந்தால் மட்டும் விடை மாறும்.

மூன்றாம் முறை எழுதுபவன்:
என் உயிரை வாங்குவது 'மட்டுமே'. 'சில பேனாக்கள் நீலம்' என்றால் எல்லாப் பேனாக்களும் நீலமாக இருக்கத் தடையில்லை. 'சில பேனாக்கள் மட்டுமே நீலம்' என்றால் நீலமல்லாத பேனாவும் உண்டு. 35 கேள்விக்கு 20 நிமிடம், தவறுக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அந்த அவசரத்தில் இந்த ஒரு சொல் கண்ணில் படுவதே பெரும்பாடு.

திருச்சிப் பெண்:
இது தேர்வுக்கு வெளியே நடந்தது. ஒரு பயிற்சி மையத்தின் பேனர்: 'இந்த ஆண்டு நம் ஊரில் தேர்வானவர்கள் அனைவரும் எங்கள் மாதிரித் தேர்வை எழுதியவர்களே!' அதைப் பார்த்துவிட்டு அப்பா பணம் கட்டவே கிளம்பிவிட்டார்.

"தேர்வானவர்கள் எல்லாரும் எழுதியிருக்கலாம் அப்பா. எழுதியவர்கள் எல்லாரும் தேர்வானார்களா?"

"அதைத்தானே போட்டிருக்கிறார்கள்?"

"கலெக்டர்கள் எல்லாரும் பட்டதாரிகள். நம் தெருவில் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் கலெக்டரா?"

அப்பா ஊஞ்சலில் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அவன் எம்.எஸ்சி. முடித்தவன். பணம் பீரோவுக்குத் திரும்பிவிட்டது. அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.