தோப்பை விற்று அமெரிக்கக் குடியுரிமை வாங்கலாமா?

குடியாத்தம் தறி:
அக்கா மகன் ஒன்பது வருடமாக அமெரிக்காவில் எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறான். நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வரிசை நகர்கிற மாதிரியே தெரியவில்லை. இப்போது இபி-5 முதலீட்டு விசாவில் போட்டுவிடலாம் என்கிறான். குறைந்தது 8 லட்சம் டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 7 கோடி. பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கும் தென்னந்தோப்பையும் டவுனில் இருக்கும் காம்ப்ளெக்ஸையும் விற்றால் தேறும். அக்காவும் மாமாவும் தயாராகிவிட்டார்கள். எனக்குச் சம்மதமில்லை. சம்பாதிக்கப் போன ஊரில் தங்குவதற்கு அப்பன் பாட்டன் சொத்தைக் கொட்டிக் கொடுக்க வேண்டுமா?

ஆம்பூர் லெதர்:
வேண்டும் அண்ணா. என் மகனும் அதே வரிசையில்தான் நிற்கிறான். வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று வரம்பு. நம் ஆட்கள்தான் கூட்டம். வேலை போனால் 60 நாளில் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். என் பேரன் இங்கே பிறந்து அங்கே வளர்கிறான். 21 வயது ஆகிவிட்டால் அப்பாவை ஒட்டி இருக்கும் அவன் விசா அதோடு சரி. இபி-5இல் கிராமப்புறத் திட்டங்களில் பணம் போடுகிறவர்களுக்கு 20 சதவீத விசாவைத் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளை நிம்மதியாகத் தூங்கத்தானே சொத்து?

காட்பாடி ஆடிட்டர்:
பணம் போகிற வழியை இருவருமே பேசவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு ஆள் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் வெளியே அனுப்பலாம். அக்காவும் மாமாவும் மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை அனுப்பினால் கணக்கு சரியாகும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கியிலேயே 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், அதுவரை முடங்கிக் கிடக்கும்.

பெரிய சிக்கல் வேறு. பணம் எங்கிருந்து வந்தது என்று அமெரிக்க அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போட்டுவிட்டு மீதியைப் பையில் வாங்குகிற வழக்கம் இருக்கிறது. அந்தப் பைப் பணம் அங்கே செல்லாது. முழு விலையும் பத்திரத்தில் ஏற வேண்டும். மூலப் பத்திரம், பட்டா, பாகப்பிரிவினை எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு முதலில் வருவது 2 வருட நிபந்தனைக் கார்டு. போட்ட பணத்தால் 10 பேருக்கு வேலை கிடைத்ததைக் காட்டினால்தான் நிபந்தனை நீங்கும். போட்ட முதல் நிச்சயம் திரும்பும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்த முதலீட்டுக்குத் தகுதியே போய்விடும். ஏஜெண்ட் கேரண்டி என்று சொன்னாரா?

குடியாத்தம் தறி:
சொன்னார் சார். மாமா அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆரணி பட்டு:
தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் அங்கே சிட்டிசனாக இருக்கும் பெண்ணாகப் பார்த்து முடித்துவிடலாமே. செலவே இல்லை.

லீட்ஸ் நர்ஸ், சொந்த ஊர் வேலூர்:
அண்ணா, தயவு செய்து அப்படி எழுதாதீர்கள். கார்டுக்காகப் பொய்க் கல்யாணம் என்றால் அமெரிக்காவில் 5 வருடம் வரை சிறை. நல்ல கல்யாணமாகவே இருந்தாலும் 2 வருடம் ஆகாத தம்பதிக்கு நிபந்தனைக் கார்டுதான். இங்கே பிரிட்டனில் கணவர் விசாவை நம்பி வந்த பெண்கள் எதற்கும் அவர் முகத்தைப் பார்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் 5 வருடம் வேலை பார்த்து நிரந்தர அனுமதி வாங்கினேன், அப்புறம் ஒரு வருடம் கழித்துக் குடியுரிமை. 24 கேள்வியில் 18 சரியாக எழுத வேண்டிய தேர்வுக்கு நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் படித்தேன். ஒரு சென்ட் நிலம் விற்கவில்லை. ஆனால் நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்று அழுதுவிட்டேன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருப்பதால் விசா இல்லாமல் ஊருக்கு வரலாம். ஓட்டு கிடையாது. விவசாய நிலம் அப்பா வழியில் வந்தால் வைத்துக்கொள்ளலாம், விலைக்கு வாங்க முடியாது. உங்கள் அக்கா மகன் நாளைக்கு சிட்டிசனாகி, விற்ற தோப்பைத் திரும்ப வாங்க ஆசைப்பட்டாலும் அவன் பெயரில் வாங்க வழியில்லை. இதை அவனிடம் சொல்லுங்கள்.

ஆம்பூர் லெதர்:
தங்கச்சி, உங்கள் ஊரில் நாட்டு வாரியாக வரம்பு இல்லை, 6 வருடத்தில் முடிந்தது. அந்தப் பையனும் உழைக்காமல் இல்லையே. உழைப்பு வழி அடைபட்டுப் போனதால்தான் பண வழியைத் தேடுகிறான்.

மேல்மொணவூர்:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். அப்பா அம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே முகாமில்தான். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பதால் எனக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. ஆம்பூர் பாய் சொல்லும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தம்பி மூட்டை கட்டினாலும் இறங்க ஒரு நாடும் ஒரு தோப்பும் இருக்கின்றன. அந்தத் தோப்பையே விற்கச் சொல்கிறீர்களே.

குடியாத்தம் தறி:
ஆடிட்டர் சார், ஒரு சந்தேகம். தோப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமான பிறகு நானும் அக்காவும் வாய்ப்பேச்சாகத்தான் பிரித்துக்கொண்டோம், எதையும் பதிவு செய்யவில்லை. அப்படியென்றால் விற்க என் கையெழுத்தும் வேண்டுமா?

காட்பாடி ஆடிட்டர்:
கட்டாயம் வேண்டும்.

குடியாத்தம் தறி:
சரி. காம்ப்ளெக்ஸ் மாமா பெயரில் இருக்கிறது, அது அவர்கள் இஷ்டம். தோப்புக்கு நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன்.