புதுப்பிப்பு: சல எரிவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

சலம் போகும்போது எரிகிறது, கல்ச்சரில் (சலத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒன்றும் வளரவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, காரணம் கிளமிடியா என்ற, உடலுறவால் தொற்றும் பக்டீரியா. அது உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும், சாதாரண கல்ச்சரில் வளராது, அதனால் யாழ்ப்பாணத்தில் அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் பிசிஆர் பரிசோதனைக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) மாதிரி எடுத்தார்கள், அதற்கு நடுச்சலம் (முதலில் வருவதை விட்டுவிட்டு இடையில் பிடிப்பது) சரிவராது, ஒரு மணித்தியாலமாவது போகாமல் இருந்து முதலில் வருவதைத்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொனோரியா என்ற இன்னொரு பாலியல் நோயும் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. தந்த மருந்து டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோடிக், 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம், 7 நாள். துணையும் மருந்து எடுக்காவிட்டால் திரும்பத் தொற்றும். கிளினிக்கில் காசு வாங்கவில்லை. தயவுசெய்து பாமசியில் ஏதோ அன்டிபயோடிக் வாங்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள், பெண்களுக்கு அறிகுறியே இல்லாமல் கருக்குழாய் வரை போய்விடலாம்.