எம்எஸ்டபிள்யூ அப்ளிகேசன்ல முகாம் கதைய எழுதலாமா, கூடாதா?

சம்பூர்ப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கைக் கிழக்குப் பல்கலையில சமூகவியல் சிறப்புப் பட்டம் முடிச்சிட்டு இப்ப மூதூர்ப் பக்கம் ஒரு என்ஜிஓவில பீல்ட் ஒபிசரா இருக்கிறன். சமூகப்பணி முதுமாணிக்கு (எம்எஸ்டபிள்யூ) அப்ளை பண்ணப்போறன், சீதுவையில இருக்கிற தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்துக்கு ஒண்டு, அவுஸ்திரேலியாவில ரெண்டு கம்பசுக்கு. மற்ற பேப்பர் எல்லாம் ரெடி, பேசனல் ஸ்டேட்மன்ட்லதான் ஒபிசில ரெண்டு கட்சி ஆயிட்டுது.

ஆங்கிலத்தில எழுதினத தமிழில சொன்னா தொடக்கம் இப்பிடி வரும்: "2006 இல் போரால் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று போய் கடைசியில் கிளிவெட்டி முகாமில் தகரக் கூரைக்குக் கீழ் இருந்து படித்து ஓ.எல். எழுதினேன்." முதல் பக்கம் முழுக்க இதுதான். ரெண்டாம் பக்கத்தில நான் பாத்த ஒரு கேஸ், வெருகல் பக்கத்து அம்மா ஒராள், குழுக்கடன் பிரச்சினை. கூட வேலை செய்யிற அக்கா முகாம் கதைய வெட்டு எண்டு சொல்றா. சிநேகிதி அதுதான் சீட் எடுத்துத் தரும் எண்டு சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க? ரெண்டு பக்கத்தையும் கீழ போட்டிருக்கிறன்.

கொட்டியாரக்குடா:
பிள்ளை, முதல் வேலையா அந்த ரெண்டாம் பக்கத்த இங்க இருந்து எடும். இப்பவே எடும், பிறகு மிச்சம் கதைப்பம்.

சம்பூர்ப்பிள்ளை:
எடுத்திட்டன் அண்ணா. பேர் ஒண்டும் போடேல்லயே?

கொட்டியாரக்குடா:
பேர் இல்லத்தான். ஆனா ஊர் இருந்தது, புருசன் எந்த நாட்டுக்குப் போனவர் எண்டு இருந்தது, மூத்த பிள்ளைக்கு என்ன குறைபாடு எண்டு இருந்தது, லோன்காரர் என்ன கிழமையில வீட்டு வாசல்ல வந்து குந்துறவை எண்டு இருந்தது. வெருகல் பக்கத்தில இந்த நாலும் சேந்தா அது ஒரேயொரு வீடுதான். பஸ் கண்டக்டருக்கும் தெரியும். நான் நன்னடத்தைத் திணைக்களத்தில இருந்து ரிட்டயர் ஆனவன். நாங்க பைல் கவர்ல பிள்ளையின்ட பேர் எழுதமாட்டம், நம்பர் மட்டும்தான், அந்தப் பைலையும் மேசையில திறந்து வச்சிட்டு தேத்தண்ணி குடிக்கப் போகமாட்டம். அந்த அம்மா உம்மட்ட வாய் திறந்தது உதவி வேணும் எண்டு, நீர் மெல்பனுக்கு அப்ளிகேசன் எழுதுறதுக்கு இல்ல. அவட்ட கேட்டனீரோ?

முகாம் கதையிலயும் நான் உங்கட அக்காவின்ட பக்கம்தான். தெரிவு செய்யிறவை பாக்கிறது உமக்கு என்ன நடந்தது எண்டத இல்ல, நீர் என்ன செய்தனீர் எண்டத. நீர் போட்ட ரெண்டு பக்கத்தையும் வாசிச்சன், உம்மட வேலையப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு.

சாம்பல்தீவு:
அந்த அம்மாவின்ட கதைய எடுக்கச் சொன்னது சரி அண்ணா, அதில எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா இந்தப் பிள்ளையின்ட சொந்தக் கதைய வெட்டச் சொல்றத நான் ஒத்துக்கொள்ளவே மாட்டன். சுனாமிக்குப் பிறகு எத்தின பேர் வெளிநாட்டில இருந்து வந்து எங்கட ஊர்கள்ல கொப்பியும் பேனையும் கொண்டு திரிஞ்சு எங்கட அம்மாமார இருத்திவச்சு அழவச்சு எழுதிக்கொண்டு போய் பட்டம் எடுத்தவை, அவைக்கு அது ரிசேர்ச், எங்கட பிள்ளை தன்ட வாயால தன்ட கதைய எழுதினா மட்டும் அது அனுதாபம் தேடுறதா? 2014 இல உலக அமைப்புகள் சேர்ந்து சமூகப்பணிக்கு எழுதின வரைவிலக்கணத்தில சமூகப்பணிக் கோட்பாடு, சமூக விஞ்ஞானம் எண்டதோட சேத்து சுதேச அறிவையும் அடித்தளமா சொல்லியிருக்கினம். முகாமில ஒன்பது பத்து வருசம் இருந்த ஒராளுக்கு நிவாரணம் எப்பிடி வருது, யாருக்கு வராமப் போகுது, லைனில நிக்கிற பொம்பிளையள எப்பிடி நடத்துறாங்க எண்டு தெரியும். அது அறிவு இல்லாட்டி வேற என்ன?

கொட்டியாரக்குடா:
தங்கச்சி, அறிவு எண்டா சரி, அந்த அறிவு எழுத்தில எங்க இருக்கு? தகரக் கூரை இருக்கு, மழை இருக்கு, பசி இருக்கு. நிவாரண லைன் பத்தி நீங்க சொன்ன மாதிரி ஒரு வரிகூட அவ எழுதேல்ல. இன்னொண்டு, ஸ்டேட்மன்ட்ல எழுதினத இன்டவியூவில கேப்பாங்க. மூண்டு பேர் முன்னால இருந்து "கேம்ப் அனுபவத்தச் சொல்லுங்க" எண்டு சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ கேக்கேக்க இந்தப் பிள்ளை என்ன நிலைமையில இருப்பா எண்டு யோசிச்சீங்களா? நான் அத யோசிச்சுத்தான் சொல்றன்.

கிண்ணியா_நானா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஸ்டேட்மன்ட் பத்திச் சொல்ல வரல்ல, ஏன் அவுஸ்திரேலியா எண்டு கேக்க வந்தன். சீதுவை நிறுவகம் 1952 இல தொடங்கினது, சென்னையில இரிக்கிற மெட்ராஸ் ஸ்கூல் ஒப் சோஷல் வேர்க்கும் அதே வருசம்தான். எம்எஸ்டபிள்யூ சீதுவையில 2008 இல இருந்து இரிக்கி. சென்னைக்கு எண்டா இந்திய அரசாங்கத்தின்ட ஐசிசிஆர் புலமைப்பரிசில் இரிக்கி, தமிழ்ச் சனத்துக்குள்ளயே களப்பயிற்சி செய்யலாம். எங்கட திருகோணமலை மாவட்டத்தில 11 பிரதேச செயலகம், தமிழில ஒரு பொம்பிளப் புள்ளையோட மனம் விட்டுக் கதைச்சு கவுன்சலிங் செய்ய ஆள் காணாது. படிச்ச ஒவ்வொருத்தரும் மெல்பனுக்கு ஏறினா குச்சவெளிக்கும் மூதூருக்கும் யார் வாறது? போனவங்க திரும்பி வந்தத நான் காணல்ல.

மெல்பன்_திருமலை:
நானா, நான் போனவன்தான், திரும்பி வரேல்ல, அதால நீங்க கேக்கிறதுக்கு பதில் சொல்ற கடமை எனக்கிருக்கு. இங்க எம்எஸ்டபிள்யூ குவாலிபையிங் எண்டு ரெண்டு வருசக் கோர்ஸ், சமூகப்பணி இளமாணி (பிஎஸ்டபிள்யூ) இல்லாம சமூகவியல், உளவியல் படிச்ச ஆக்களுக்கு. தங்கச்சிக்கு அதுதான் பொருந்தும். அதில 1000 மணித்தியாலம் களப்பயிற்சி (பிளேஸ்மன்ட்) கட்டாயம். ஒவ்வொரு கிழமையும் அனுபவமுள்ள ஒராள் பக்கத்தில இருந்து, நீ ஏன் அந்த வீட்டில அப்பிடிக் கேட்டாய், அவ அழேக்க உனக்குள்ள என்ன நடந்தது எண்டு கேப்பினம். ஊரில நான் என்ஜிஓவில இருந்த காலம் முழுக்க என்னட்ட கேட்டது எத்தின பெனிபிசரி எண்ட கணக்கு மட்டும்தான். அதுக்காகத்தான் வந்தன்.

ஆனா தங்கச்சி, காசு விசயத்த வடிவா யோசியுங்கோ. ஸ்டூடண்ட் விசாவில படிப்பு நடக்கிற காலத்தில ரெண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், பிளேஸ்மன்ட் தொடங்கினா கிழமையில நாலஞ்சு நாள் சம்பளம் இல்லாம அங்க போகவேணும், இரவில முதியோர் இல்லத்தில வேலை, விடிய பிளேஸ்மன்ட். 2025 யூலையில இருந்து பிளேஸ்மன்ட் காலத்துக்கு அரசாங்கம் உதவிக் காசு குடுக்குது, ஆனா அது இந்த நாட்டு ஆக்களுக்கு, எங்களப் போல விசாவில வாறவைக்கு இல்ல. அரைவாசியில விட்டிட்டு வேற கோர்சுக்கு மாறினவைய எனக்குத் தெரியும்.

ஸ்டேட்மன்ட் பத்தி: எழுதலாம். ஆனா ஆறின காயத்த மட்டும் எழுதுங்கோ. வாசிக்கிறவருக்கு வாற முதல் கேள்வி, இந்த ஆளுக்கு நாளைக்கு அகதிக் குடும்பம் ஒண்டு வந்தா அவையின்ட கதைய கேப்பாவா, தன்ட கதைக்குள்ள போயிடுவாவா எண்டதுதான்.

சாம்பல்தீவு:
ஆறின காயம் எண்டு யார் தீர்மானிக்கிறது? காணாமப் போன பிள்ளையள தேடி ரோட்டில நிக்கிற அம்மாமாருக்கு ஆறிச்சா? அப்ப அவையின்ட வீட்டில இருந்து ஒரு பிள்ளை சமூகப்பணி படிக்கவே கூடாதா? மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இந்தக் கதை எங்கட ஆக்கள வெளியில நிப்பாட்டுற கதையாத்தான் எனக்குப் படுது. ஒரு கரச்சலும் காணாம வளந்த ஆள் "எனக்கு மக்களுக்கு உதவப் பிடிக்கும்" எண்டு எழுதினா அவர ஒருத்தரும் நீர் ஆறிட்டீரா எண்டு கேக்கிறேல்ல.

மெல்பன்_திருமலை:
அந்தக் கடைசி வரி உண்மை, அத நானும் இங்க வகுப்பிலயே கண்டிருக்கிறன். ஆனா நான் சொன்னது கதவ மூடுறதுக்கு இல்ல. பிளேஸ்மன்ட்ல எனக்கு முதல் கிடைச்ச குடும்பம் படகில வந்த குடும்பம். அந்த ஐயா கதைக்கத் தொடங்கின உடன நான் கேள்வி கேக்கிறத விட்டிட்டு நாங்களும் அப்பிடித்தான் எண்டு சொல்லத் தொடங்கியிட்டன், அவர் பேசாம இருந்திட்டார். சுப்பவைசர் பிறகு அத ஒரு மணித்தியாலம் இருந்து என்னோட கதைச்சவ. இது படிப்பில கட்டாயம் வரும், முன்னமே தெரிஞ்சிருந்தா நல்லம்.

கிண்ணியா_நானா:
தம்பி, நீங்க சொன்ன சுப்பவிசன் விசயம் சரி, எங்கட ஆக்களுக்கு அது இல்லவே இல்ல, ஒருத்தர் மனசு உடைஞ்சு போனா லீவு போடுறதுதான் மருந்து. ஆனா அத இங்க உண்டாக்க ஆள் வேணும்தானே. இங்கிலாந்தில சோஷல் வேர்க்கர் எண்ட பேரையே பதிவு இல்லாம பாவிக்கேலாது, சட்டம். இங்க ரெண்டு நாள் ட்ரெயினிங் போனவரும் கவுன்சிலர். இத மாத்திற ஆள் இங்க இரிந்தாத்தான் மாத்தலாம், இதில நான் மாறமாட்டன். தங்கச்சி, உங்கட வேலையில நீங்க உண்மையா செய்த ஒண்டச் சொல்லுங்க பாப்பம்.

சம்பூர்ப்பிள்ளை:
2023 இல அஸ்வெசும எண்ட அரசாங்க நலன்புரிக் காசுத் திட்டம் வந்த நேரம் பேர் விடுபட்ட ஆக்களுக்கு மேன்முறையீடு எழுதிக் குடுத்தன். பல்நோக்கு மண்டபத்தில வாங்கு போட்டு இருந்து எழுதுவம். அதில ஒரு விசயம் கவனிச்சன். மீள்குடியேறின சனத்துக்கு அடையாள அட்டையில ஒரு விலாசம், இப்ப இருக்கிற காணி வேற விலாசம், ரேசன் காட் வேற ஒரு டிஎஸ் (பிரதேச செயலாளர்) பிரிவில. சில பேருக்கு அடையாள அட்டையில முகாம் விலாசமே இருந்தது. பதியிறவைக்கு அது விளங்கேல்ல, பொய் விலாசம் எண்டு நினைச்சிட்டினம். எனக்கு உடன விளங்கிட்டுது, ஏனெண்டா என்ட அம்மாவின்ட அட்டையும் அப்பிடித்தான். நாங்க அந்தப் பிரச்சினை உள்ள வீடுகள தனியாப் பிரிச்சு, விதானையிட்ட (கிராம சேவகர்) ஒரே மாதிரியான உறுதிக் கடிதம் எடுத்து, எல்லாத்தையும் ஒண்டாச் சேத்து பிரதேச செயலகத்தில குடுத்தம். நிறையப் பேருக்கு பிறகு கிடைச்சது, எல்லாருக்கும் இல்ல.

சாம்பல்தீவு:
இத ஏன் பிள்ளை முதல்லயே எழுதேல்ல!! முகாமில இருந்த ஒராளுக்குத்தான் அந்த விலாசத்தப் பாத்த உடன விளங்கும், கொட்டியாரக்குடா அண்ணா கேட்ட அறிவு இதுதான், வேற எங்க தேடுறது?

கொட்டியாரக்குடா:
ஓம், இதுதான் நான் கேட்டது. பிள்ளை, இத வச்சு எழுதும். ஒரு ஆளின்ட கதை இல்ல, பல வீடுகளின்ட பொதுப் பிரச்சினை, அதால யாரையும் காட்டிக் குடுக்காது. நீர் கண்டுபிடிச்சனீர், பிரிச்சனீர், விதானையோட கதைச்சனீர், ஒபிசில குடுத்தனீர். கிடைக்காத ஆக்களுக்கு ஏன் கிடைக்கேல்ல, அதுக்கு என்ன படிக்கவேணும் எண்டு நினைக்கிறீர் எண்டதையும் எழுதும். ரெண்டாம் பக்கத்துக்கு அது காணும். முகாம அந்த விலாசம் வாற இடத்தில ரெண்டு வரியில சொன்னாப் போதும், தொடக்கத்தில வேண்டாம்.

ரெபரன்ஸ் லெட்டருக்கும் சொல்றன். டிஎஸ்ஸிட்டயோ அரசியல்வாதியிட்டயோ போகவேண்டாம், அவையளுக்கு உம்மட வேலை தெரியாது. ஒண்டு படிப்பிச்ச விரிவுரையாளர், மற்றது உம்மோட பீல்டுக்கு வந்த மேலதிகாரி. அவருக்கு இந்த மேன்முறையீட்டு வேலைய ஞாபகப்படுத்தி ஒரு பக்கம் எழுதிக் குடும், பிஸியான ஆக்கள் நல்லவ எண்டு ரெண்டு வரி எழுதி முடிச்சிடுவினம்.

சம்பூர்ப்பிள்ளை:
இரவிரவா இருந்து எழுதினன். இப்ப தொடக்கம்: "என் தாயின் அடையாள அட்டையில் இன்று வரை ஓர் அகதி முகாமின் விலாசம் இருக்கிறது. 2023 இல் நலன்புரி உதவிக்கான மேன்முறையீடுகளை எழுதிக் கொடுத்தபோது, அதே போன்ற விலாசங்களால் விடுபட்ட குடும்பங்களை நான் அடையாளம் கண்டேன்." அதுக்குப் பிறகு வேலை. இடப்பெயர்வு கதை ஒரு பந்தியா நடுவில. வெருகல் அம்மாவின்ட கதை முழுசா எடுத்தாச்சு.

மெல்பன்_திருமலை:
நல்லா இருக்கு. அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிறதில அஸ்வெசும எண்டா என்ன எண்டு ஒரு சின்ன வரி சேருங்கோ, இங்க ஒருத்தருக்கும் தெரியாது. சீதுவைக்கு அது தேவையில்ல. ஒரே ஸ்டேட்மன்ட்ட ரெண்டு இடத்துக்கும் அனுப்பவேண்டாம்.

கிண்ணியா_நானா:
சீதுவைக்கு எழுதிறதில, படிச்சிட்டு எங்க வேல செய்யப்போறீங்க எண்டதையும் ஒரு வரி போடுங்க. உண்மையா நினைக்கிறத மட்டும் போடுங்க.

கொட்டியாரக்குடா:
முதல் வரியில அம்மாவின்ட அட்டை வேண்டாம் பிள்ளை. வேலைய முதல் வையும். அம்மாவிட்டயும் ஒருக்கா கேளும், அதுவும் ஒராளின்ட சொந்த விசயம்தான்.

சாம்பல்தீவு:
அம்மாட்ட கேக்கிறது சரி. ஆனா அவ ஓம் எண்டு சொன்னா அந்த முதல் வரி அங்கயே இருக்கட்டும், அத விடாதயுங்கோ.

சம்பூர்ப்பிள்ளை:
அம்மா ஓம் எண்டு சொல்லிட்டா. முதல் வரிய மாத்தேல்ல அண்ணா. மிச்சத்த நாளைக்கு உங்களுக்கு அனுப்புறன், இங்கிலீசையும் ஒருக்கா பாத்துத் தாங்கோ.

கொட்டியாரக்குடா:
அனுப்பும். அந்த வரியப் பத்தி திரும்பவும் சொல்லுவன்.