பழைய படகின் கேபின் கூரை: ஒழுக்கும் வெப்பமும்

பெர்ணாம் கரை (ஊத்தான் மெலிந்தாங், மலேசியா):

அனைவருக்கும் வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்பா வாங்கிய 28 அடி மரப்படகு இப்போது என் பொறுப்பில் உள்ளது. கேபின் கூரை, பிளைவுட்டின் மேல் பைபர் (ரெசினில் இறுகிய கண்ணாடி இழை) போர்த்தியது. விளக்குக் கம்பத்தின் அடியில் மிதித்தால் கூரை அமுங்குகிறது. மழை விட்டு இரண்டு நாள் ஆன பிறகும் உள்ளே பழுப்பு நீர் சொட்டுகிறது. நண்பகலில் உள்ளே உட்கார முடியாத சூடு. உட்புறம் முழுவதும் கண்ணாடிப் பஞ்சு ஒட்டினால் இரண்டும் தீரும் என்று ஒருவர் சொன்னார். ஒட்டலாமா?

பழைய தச்சர்:

தம்பி, இப்போது எதையும் ஒட்டாதீர்கள். பழுப்பு நீர் வருகிறதென்றால் மேல் பைபருக்கு அடியில் பலகை உளுத்துக்கொண்டிருக்கிறது. அதை உள்ளிருந்து மூடினால் ஒழுக்கு கண்ணில் படாமல் போகுமே தவிர, உளுப்பு நிற்காது. ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் கூரை முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்றும், கெட்ட இடம் மொத்தென்றும் ஒலிக்கும். கெட்ட இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். அமுங்கும் இடத்தைவிட அந்த வட்டம் பெரிதாகவே இருக்கும், ஏனெனில் நீர் பலகைக்கும் பைபருக்கும் இடையே பரவிச் செல்கிறது.

ஆற்றுமுகம்:

சிறு துளைகள் இட்டு, இரண்டு பாகம் கலந்தால் இறுகும் எப்பாக்சிப் பசையை ஊற்றினால் போதாதா ஐயா? கூரையை அறுப்பது பெரிய வேலையாயிற்றே.

பழைய தச்சர்:

ஈர மரம் எப்பாக்சியைக் குடிக்காது. அது துளையைச் சுற்றி மட்டும் இறுகும், மீதி உளுத்துக்கொண்டே இருக்கும். நான் அறுக்கவே சொல்வேன். வளைவு குலையாமலிருக்க உள்ளிருந்து முட்டுக்கொடுத்துவிட்டு, மேல் பைபர் தோலை மட்டும் அறுத்தெடுத்து, நல்ல மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். தார்ப்பாயைக் கூரையில் படியவிடாமல் உயர்த்திக் கட்டி, காற்றோட்டத்தில் நன்றாக உலரவிடுங்கள். நம் ஊர் மழையில் இதற்குத்தான் பொறுமை வேண்டும். 12 மில்லிமீட்டர் பலகை ஒன்றைவிட 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை எப்பாக்சியால் ஒட்டினால் கூரையின் வளைவுக்கு எளிதாகப் படியும். பழைய பைபரின் விளிம்பை, கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்த பிறகே புதிய பைபரை அதன்மேல் ஏற்ற வேண்டும். கம்பத்தின் போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாக்கி, கெட்டியாகக் கலந்த எப்பாக்சியால் அடைத்து, இறுகிய பின் நடுவில் மறுபடி துளையிடுங்கள். அப்படிச் செய்தால் அந்த வழியே நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. எப்பாக்சி வெயிலைத் தாங்காது என்பதால் மேலே கட்டாயம் வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பாதிச் சூடு அதிலேயே தணிந்துவிடும் என்பது என் அனுபவம்.

குளிர்சாதனக்காரர் (தெலுக் இந்தான்):

கண்ணாடிப் பஞ்சு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், படகுக்கு ஆகாது. ஏர்கண்டிஷன் குழாய்களில் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரை தகடாகவும் கிடைக்கும். அது நீர் உறிஞ்சாது. இடைவெளி விடாமல் ஒட்டினால் விடியற்காலையில் கூரையின் அடியில் வியர்ப்பதும் குறையும். மீன்பெட்டி செய்யும் வெள்ளைப் பாலிஸ்டைரீன் நுரையை, பைபர் பூசப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் கரைத்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்க்காதீர்கள். அலுமினியத் தாள் வைப்பதாயின் அதன் ஒரு பக்கமாவது காற்று இடைவெளி தேவை, இல்லையேல் பயனில்லை. எஞ்சின் புகைக்குழாய் கூரை வழியே சென்றால், அதைச் சுற்றி எந்த நுரையும் நெருங்கக்கூடாது.

பெர்ணாம் கரை:

மிக்க நன்றி ஐயா. இன்று காலை தட்டிப் பார்த்தேன். கம்பத்திலிருந்து முன்கண்ணாடி வரை மொத்தொலிதான் கேட்டது, அப்பா பூசிய பைபர் மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கிறது. சனிக்கிழமை கம்பத்தைக் கழற்றி, முட்டுக்கொடுக்கும் வேலையைத் தொடங்குகிறேன்.