பூம் ஆர்முக்குத் தமிழ் வேண்டும் (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

கையேட்டுக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களைப் படித்து ஒலிப்பதிவு செய்யும் தன்னார்வலர்களுக்கு ஒரு சிறு கையேடு தயாரிக்கிறோம். வீட்டு அறையிலேயே எப்படிப் பதிவு செய்வது, எதை வாங்குவது, எதில் காசைக் கரைக்க வேண்டாம் என்பதுதான் விஷயம். எல்லாம் முடிந்தது, ஒரே ஒரு பொருளின் பெயரில் மாட்டிக்கொண்டேன்.

மேசை விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, நடுவில் மடங்கி நீண்டு, மைக்கை வாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்துமே, அது. கடையில் பூம் ஆர்ம், மைக் ஆர்ம், சிசர் ஆர்ம் என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். என் வரைவில் இப்போதைக்கு இப்படி இருக்கிறது:

"மேசையில் பொருத்தும் பூம் ஆர்ம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைந்ததே போதும். ஆனால் உங்கள் மைக்கின் எடையை அது தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்."

இரண்டு நிபந்தனைகள். படிப்பவர் கடையில் போய்ச் சரியான பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், இந்தக் கையேட்டையே நாங்கள் ஒலிவடிவிலும் தருகிறோம். எனவே சொல் கண்ணுக்கு மட்டும் அழகாக இருந்தால் போதாது.

புலவர் எழுதியது:

இதற்கு ஏனம்மா இவ்வளவு கவலை? 'ஒலிவாங்கித் தாங்கி' என்று எழுதுங்கள். ஒலிவாங்கிக்குத் தாங்கி. நான்காம் வேற்றுமைத் தொகை, ஆகவே வலி மிகும். அந்தத் தகர ஒற்றை அச்சகத்தில் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக் என்ற சொல்லையும் கையேடு முழுக்க ஒலிவாங்கி என்று மாற்றிவிடலாமே. இலங்கையில் அது சாதாரணமாகப் புழங்கும் சொல்தான்.

ஒலிக்காரன் எழுதியது:

புலவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. தாங்கி என்றால் ஸ்டாண்டு. கடையில் அப்படிக் கேட்டால் கல்யாண மேடையில் வைக்கிற மூன்றுகால் ஸ்டாண்டை எடுத்து வைப்பார்கள், இல்லையென்றால் மேசைமேல் நிற்கிற குட்டை ஸ்டாண்டை. இந்த வேலைக்கு இரண்டும் உதவாது. பாடநூலை விரித்து வைக்க மேசை காலியாக வேண்டும். குட்டை ஸ்டாண்டு புத்தகம் வைக்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். வாய்க்கும் மைக்குக்கும் தூரம் கூடும், படிப்பவர் குனிவார், குனிந்தால் குரல் அடைபடும். பக்கத்தைப் புரட்டும்போது கை மேசையில் இடித்தால் அந்தச் சத்தமும் உள்ளே போகும். பக்கவாட்டிலிருந்து புத்தகத்துக்கு மேலே நீண்டு வருவதுதான் இந்தச் சாமானின் சிறப்பே. அது பெயரில் தெரிய வேண்டும்.

வரைவிலும் ஒரு திருத்தம். "எடையைத் தாங்குமா" என்று மட்டும் போட்டால் பாதிதான் சரி. சுருள்வில் வைத்த கைகளுக்கு எடை கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. ரோடு நிறுவனத்தின் பிஎஸ்ஏ1 என்ற கையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 700 கிராமிலிருந்து 1.1 கிலோ வரைக்கும் என்று போட்டிருக்கிறார்கள். ஷூர் எஸ்எம்58 மைக் ஏறத்தாழ 300 கிராம்தான். அதை மாட்டிக் கையை விட்டால் விட்டத்தைப் பார்த்து எழும்பிவிடும். அதே நிறுவனத்தின் எஸ்எம்7பி மைக் 766 கிராம், அது சொன்ன இடத்தில் நிற்கும். அதே எஸ்எம்7பியை ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய பெயரில்லாக் கையில் மாட்டினால், ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டே இறங்கும்.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

ஒலிக்காரன் அண்ணை சொன்னதை வாசிக்க எனக்கு எங்கள் வீட்டுக் கிணற்றடிதான் ஞாபகம் வந்தது. இதற்குப் பெயர் எப்போதோ வைத்தாயிற்று. துலா.

இரண்டு ஆடுகால் நட்டு, அதன்மேல் குறுக்கே ஒரு நீண்ட மரம். ஒரு முனையில் கயிறும் தண்ணீர் அள்ளும் பட்டையும், மறுமுனையில் கல்லுக் கட்டிய பாரம். பாரம் கணக்காக இருந்தால் சின்னப் பிள்ளையும் தண்ணீர் அள்ளும். பாரம் கூடினால் பட்டை கிணற்றுக்குள் இறங்காது, குறைந்தால் மேலே வராது. அண்ணை எழுதிய எஸ்எம்58, எஸ்எம்7பி கதை இதுதானே? 'ஒலித்துலா' என்று போடுங்கள். அல்லது வெறுமனே 'மேசைத்துலா'.

புலவர் எழுதியது:

நல்ல காட்சிதான், ஆனால் துலா வடசொல். தராசுக்கும் துலாம் ராசிக்கும் அதுவே மூலம். நம்மிடம் 'ஏற்றம்' இருக்க அதை ஏன் நாட வேண்டும்? ஏற்றப்பாட்டு என்றே தனியாக ஓர் இலக்கிய வகை உண்டு. அதுவும் வேண்டாமென்றால் 'கோல்' என்று முடியுங்கள். எழுதுகோல், ஊன்றுகோல், அளவுகோல் என எத்தனை கருவிகள் அதில் அடங்கிவிட்டன. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்" என்று வள்ளுவரே வழிகாட்டியிருக்கிறார். ஆகவே 'தூக்குகோல்'. தூக்கு என்பதற்கு நிறுத்தல் என்றும் பொருள். தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாகவே அதை வைத்தார். குரலும் பாட்டும் சேர்ந்த பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

> துலா வடசொல்

ஐயா, அதே தொல்காப்பியர்தான் வடவெழுத்தை ஒருவிவிட்டால் வடசொல்லும் செய்யுளுக்கு ஆகும் என்றார். துலாவில் எந்த எழுத்து வடவெழுத்து? கிணற்றடியில் பரம்பரையாகப் புழங்கின சொல்லுக்கு இன்னும் எத்தனை தலைமுறை கழித்துக் குடியுரிமை தருவீர்கள்? அத்தோடு, ஏற்றம் என்று எழுதினால் ஏற்ற இறக்கம், விலையேற்றம் எல்லாம் சேர்ந்து வரும். "மலிவான ஏற்றம் வாங்குங்கள்" என்று ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

'தூக்குகோல்' வகுப்பறையில் ஒரு நாள் தாங்காது. தூக்கு என்றதும் பிள்ளைகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டுவார்கள். நிறுத்தல் என்ற பொருளெல்லாம் அருஞ்சொற்பொருள் பகுதியோடு சரி.

ஆங்கிலத்தில் கை என்றுதானே சொல்கிறார்கள், நாமும் கை என்போம். தமிழில் கை என்பது மனிதருடையது மட்டும் இல்லை. யானையின் துதிக்கையும் கைதான், அதனால்தான் அதற்குக் கைம்மா என்று பெயர். நீளும், மடங்கும், வேண்டிய இடத்துக்கு எடுத்துக் கொடுக்கும். 'மைக் கை'. இரண்டே சொல், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

சிங்கைக் கப்பல்காரன் எழுதியது:

பெயரின் முதல் பாதியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பூம் என்பது ஆங்கிலத்துக்கே இரவல். டச்சுமொழியில் அந்தச் சொல்லுக்கு மரம் என்று பொருள், ஜெர்மன் பாவுமும் அதன் உறவுதான். பாயின் அடிவிளிம்பை விரித்துப் பிடிக்கும் கழிக்குக் கப்பலில் அந்தப் பெயர் வந்தது, அங்கிருந்து பாரந்தூக்கிக்குப் போய், படப்பிடிப்பில் மைக் கட்டிய கழிக்கு வந்து, இப்போது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

கழியை அவர்கள் மரம் என்றார்கள், நாமும் பாய்மரம் என்றோம். அதனால் 'ஒலிமரம்' என்பது என் முதல் பரிந்துரை. அது ஒப்பவில்லையென்றால் 'பருமல்'. பாய்மரத்தில் குறுக்கே கட்டும் கழிக்கு நம் கடலோடிகள் வைத்திருந்த பெயர். அகராதியில் தூங்குகிறது, எழுப்பிக் கொண்டுவரலாம். பருமை, பருத்தல் ஆகியவற்றோடு அதற்கு உறவு இருக்குமா என்று புலவர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

புலவர் எழுதியது:

பருமலை ஆராய ஒரு வாரம் கொடுங்கள். அதற்கிடையில் டீச்சருக்கு ஒரு வார்த்தை. கை என்று போவதானால் ஏன் 'தோள்' ஆகக் கூடாது? பணைத்தோள் என்கிறோம். பணை என்றால் மூங்கில். உள்ளே குழல், வெளியே வழவழப்பு, இடையில் கணு. கடையில் விற்கும் அந்தக் கருவியின் வடிவம் அப்படியே.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

ஐயா, தலைவியின் பணைத்தோளைப் பாடத்தில் நடத்தி முடிக்கவே நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அதை ஆணி திருகி மேசையில் வேறு மாட்டச் சொல்கிறீர்கள்.

கையேட்டுக்காரி எழுதியது:

வியாழன் வந்துவிட்டது. எனக்கு 'மைக் கை' பிடித்திருந்தது. நேற்று இரவு பக்கத்தையே மாற்றி எழுதிவிட்டேன். காலையில் எங்கள் தன்னார்வலர் ஒருவர் பதிவு செய்து அனுப்பிய மாதிரியைக் கேட்டதும் நின்றுபோனேன். "முதலில் மைக் கையை மேசையில் பூட்டுங்கள், பிறகு மைக்கை அதில் மாட்டுங்கள்." காதுக்கு மைக் கையும் மைக்கையும் ஒன்றாகத்தான் விழுகின்றன. எதை எதில் மாட்டுவது? பார்த்துப் படிப்பவருக்கு இடைவெளி உதவும். கேட்பவருக்கு அந்த இடைவெளி எங்கே?

ஒலிக்காரன் எழுதியது:

அக்கா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஸ்டுடியோவில் நாங்கள் அதை 'ஆர்ம்' என்று மட்டும் சொல்வது இதனால்தானோ என்னவோ.

துலாவைப் பற்றி ஒரு வார்த்தை. பாரம் கட்டிச் சமன் செய்கிற மைக் கழிகளும் உண்டு. பெரிய ஸ்டுடியோக்களில் தரையில் நிற்கும். யாழ்ப்பாணத் தம்பியின் சொல் அதற்கு அச்சாகப் பொருந்தும். மேசைக் கையில் எதிர்ப்பாரமே கிடையாது, சமன் செய்வது சுருள்வில். இந்த அமைப்புக்கு 1932-இல் காப்புரிமை வாங்கியவர் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயர். வண்டிகளுக்கு அதிர்வுதாங்கி வடிவமைத்துக்கொண்டிருந்த பொறியாளர், அந்த வில் வேலையை மேசை விளக்குக்குக் கொண்டுவந்தார். நம் மைக் கை அந்த விளக்கின் பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், பெயர் வைப்பதில் அவரும் திண்டாடினார். சமநிலை என்று பொருள்படும் 'ஈக்விபாய்ஸ்' என்று வைக்கப் பார்த்தார். அது அகராதியில் இருக்கிற பொதுச்சொல் என்று மறுத்துவிட்டார்கள். அப்புறம்தான் 'ஆங்கிள்பாய்ஸ்' ஆனது. புலவர் ஐயா மாதிரி ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பெயரை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த நாலு விஷயமும் பக்கத்தில் வந்தாக வேண்டும். வாங்குவதற்கு முன் மேசைப் பலகையின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். விளிம்புக்கு அடியில் சட்டமோ டிராயரோ இருந்தால் மேசையைக் கவ்வும் கிளாம்ப் உள்ளே போகாது. மரத்தூள் பலகை மேசை என்றால் கிளாம்ப் பல் பதிந்து பிய்ந்துவிடும், மேலும் கீழும் ஒரு மரத்துண்டு வைத்து இறுக்க வேண்டும். வெளியே தெரிகிற சுருள்வில் இருந்தால் லேசாகத் தட்டினாலே 'ட்ரிங்' என்று அதிரும், பதிவில் கேட்கும். சுருளுக்குள் கொஞ்சம் பஞ்சோ துணியோ செருகினால் அடங்கிவிடும், அதற்காக விலை கூடியதை வாங்க வேண்டியதில்லை. கடைசியாக மரை, அதாவது திருகுப் புரி. சில மைக் பிடிகளில் 3/8 அங்குலம், சிலவற்றில் 5/8. இரண்டுக்கும் இடையே போடுகிற சிறு பித்தளை அடாப்டர் பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்கட்டும். முன்பு சொன்ன எடைக் கணக்கோடு இதையும் சேருங்கள்: யூஎஸ்பி மைக் வைத்திருப்பவர்கள் எடையைப் பார்க்கும்போது கூட வந்த காலைக் கழித்துவிட வேண்டும். ப்ளூ யெட்டி மைக் கால் இல்லாமல் 550 கிராம்தான்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

அப்படியென்றால் 'ஒலிவாங்கிக் கை'. காதில் குழப்பம் வராது. கிளிக்கூடு மாதிரி ஆறாம் வேற்றுமைத் தொகை, வலி மிகும், புலவர் ஐயாவுக்கும் திருப்தி. முதல் இடத்தில் மட்டும் "கடைகளில் பூம் ஆர்ம் என்று கேளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, பிறகு வெறும் 'கை' என்றே எழுதிப் போகலாம்.

சிங்கைக் கப்பல்காரன் எழுதியது:

சரி. பருமலை வேறு கப்பலில் ஏற்றிக்கொள்கிறேன்.

புலவர் எழுதியது:

உடன்படுகிறேன் என்று சொல்ல மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். ஒரே பக்கத்தில் ஒலிவாங்கி என்றும் மைக் என்றும் இரண்டு சொல் கலந்து வருவது எனக்கு ஒப்பவில்லை. கருவிக்கு மைக், அதன் கைக்கு ஒலிவாங்கியா? வாசகர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? யாராவது பழையன கழிதலும் என்று தொடங்குவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அந்த நூற்பா எனக்கும் தெரியும்.

கையேட்டுக்காரி எழுதியது:

வாசகர் கேட்டால், வெள்ளிக்கிழமை என்று சொல்வேன் ஐயா. 'ஒலிவாங்கிக் கை' அச்சுக்குப் போய்விட்டது. ஒலிக்காரன் தம்பி சொன்ன நாலும் சேர்ந்ததில் அந்தப் பகுதி ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

அக்கா, கையேட்டின் கோப்பை எனக்கும் அனுப்பி வையுங்கோ. இங்கேயும் ஒரு பள்ளிக்கூடத்தில் இதே வேலையைத் தொடங்குகிறோம். எங்கள் பதிப்பில் துலா என்றுதான் போடப்போகிறேன். எதிர்ப்பாரம் இல்லையே என்று அண்ணை கேட்டால், சுருள்வில்தான் எதிர்ப்பாரம் என்று ஒரு அடிக்குறிப்பு எழுதிவிடுகிறேன்.

கையேட்டுக்காரி எழுதியது:

அனுப்பிவிட்டேன் தம்பி. தேடி மாற்றும்போது கவனம். 'கை' என்று தேடினால் கையேடு, வகை, வேட்கை எல்லாம் சேர்ந்து மாறிவிடும்.